கனம் இறங்கும் இடம்

சூசையின் அக்குளுக்கடியில் கயிற்றைக் கொடுத்து, கோல்ஃப் பை தூக்குகிற கேடிகள் எல்லோரும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தபோது, பஞ்சாலை முதலாளி வரதராஜுலு சற்றுத் தள்ளி மேட்டில் நின்று, கையுறையைக் கழற்றாமலே, "ஏப்பா, என்ர பையை யாரு எடுக்கறது? பின்னால அடுத்த செட்டு ஆளுக வந்துட்டாங்கல்லோ" என்று கேட்டார். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. சற்று முன்புதான் தன்னுடைய தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து சூசையின் வாயில் அவரே ஊற்றியிருந்தார். ஏழாவது குழிக்குப் போகும் புல்வெளியின் நட்டநடுவில் மார்புவரை மண்ணுக்குள் இறங்கி நின்ற சூசை, "கையி பிஞ்சிரும்டா, விடுங்கடா டேய்" என்று கத்தினான். கயிற்றை விட்டுவிட்டு மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டிப் பார்த்தார்கள். எவ்வளவு தோண்டினார்களோ அவ்வளவு அவன் கீழே போனான். அதனால் தோண்டிய மண்ணைத் திரும்பவும் தள்ளி, அவன் சாய்ந்துகொள்ள வாகாக மிதித்து இறுக்கினார்கள். சூசையின் தம்பி பிரகாசம், உள்ளங்கையில் குத்திய கயிற்று நாரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புல்லில் கிடந்த முதலாளியின் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். தலையணை மாதிரி லேசாக இருந்தது. அவன் இரண்டடி வைத்ததும் பின்னாலிருந்து சூசை முனகினான்.

"டேய் தம்பி, நீ தூக்கினாலும் எனக்குத்தாண்டா ஏறுது."

"எறக்கி வெச்சிரட்டுமாண்ணே?"

"வெச்சா மட்டும் என்ன ஆவப்போவுது. எடு, எடு. ஐயா நிக்கிறாரு பாரு."

தவிட்டுமலையில் இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது ஒரே நாளில் வந்ததல்ல. அந்த மலையில் கோல்ஃப் மைதானம் போட்ட காலத்தில் மட்டைகளின் தலை மரத்தில் இருந்தது, தண்டு இரும்பில் இருந்தது, பை முரட்டுத் தோலில் இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுக் குழிகளையும் சுற்றி வருகிற கேடிக்குத் தோள் கன்றிப்போகும், வீட்டுக்குப் போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சரியாகிவிடும். கனம் பைக்குள் இருந்தது, பையை இறக்கினால் கனமும் இறங்கியது. பிறகு மரத்தலை போய் உள்ளே பொள்ளலான இரும்புத்தலை வந்தது, இரும்பு போய் டைட்டானியம் வந்தது, குழந்தையின் மூடிய கை அளவுக்கு இருந்த தலை பப்பாளிக்காய் அளவுக்குப் பெருத்தது, பெருக்கப் பெருக்க எடை குறைந்தது, இரும்புத்தண்டு போய் கிராஃபைட் தண்டு வந்தது, தோல்பை போய் நைலான் பை வந்தது. பந்துகூட அப்படித்தான்; முன்பெல்லாம் வெட்டுப்பட்ட பந்தின் தோலை உரித்தால் உள்ளே ரப்பர் நூல் சுற்றிச் சுற்றி இருக்கும், அறுந்த இடத்திலிருந்து அது உயிருள்ள புழு மாதிரி நெளிந்து நெளிந்து அவிழும், இப்போது வருகிற பந்துக்கு வெட்டும் விழுவதில்லை, உரிக்கவும் முடிவதில்லை. ஒவ்வொரு தடவையும் விற்கிறவர்கள் வந்து, போன வருஷத்தைவிட இவ்வளவு கனத்தை எடுத்துவிட்டோம் என்று சொன்னார்கள், சொன்னது உண்மைதான், எடுத்த கனத்தை எங்கே வைத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததால் அது பையைத் தூக்குகிறவனின் தோள்வழியாக இறங்கி அவன் பாதத்தில் வந்து நின்றுகொண்டது.

முதலில் செருப்புதான் அழுந்தியது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசில் பையை ஏற்றிப் பார்த்தார்கள், லேசாகத்தான் இருந்தது. கேடியை ஏற்றிப் பார்த்தார்கள். அவனும் எப்போதும்போலத்தான் இருந்தான். தராசுக்குத் தெரியாதது தரைக்கு மட்டும் தெரிந்தது. கிளப் காரியதரிசி, வடிகால் சரியில்லை என்று சொல்லி லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டச் சொன்னார். ஒருமுறை கேடிகள் எல்லோரும் கூடிப் போய், அங்கே வழக்கமாகச் சொல்கிறபடி "கனம் கமிட்டியார் அவர்களே" என்று தொடங்கியபோது, அவர் கையைக் காட்டி நிறுத்தி, "அந்த வார்த்தையை விட்டுட்டு வேற எதாச்சும் சொல்லுங்கப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தார்கள்.

கேடிகளின் குடியிருப்பு அதற்குள் தன்னைச் சரிசெய்துகொண்டுவிட்டது. மண்தரை வீட்டுக்காரர்கள் பாறைமேல் வீடு மாற்றிக்கொண்டார்கள், கட்டில் கால்களுக்கடியில் பலகைக்கல் போட்டார்கள், மழைக்காலத்தில் புருஷன் வருகிற வழியில் பெண்கள் சவுக்குக் கழிகளைப் பரப்பி வைத்தார்கள். மாதா கோவில் மரப்படி முறிந்த பிறகு சாமியார் பூசையின் நன்மை அப்பத்தை வெளியே கொண்டுவந்து, கல்மேல் நிற்கிற ஆண்களுக்குக் கொடுத்தார். பஸ் கொண்டை ஊசி வளைவில் ஏறாமல் திணறும்போது கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "கேடிங்கல்லாம் எறங்கி நடங்கப்பா, மேல ஏத்திக்கறேன்" என்பான், அவர்களும் மறுபேச்சில்லாமல் இறங்கி நடப்பார்கள். 'கேடி' என்று வேலையைச் சொன்னால் கீழே ஊர்க்காரர்கள், "அத வாயாலயே ஒத்துக்கிறியேய்யா" என்று சிரிப்பது பழைய வேடிக்கை, இப்போது பெண்பார்க்க வருகிறவர்கள் சிரிக்காமல், "மாப்பிள்ளை எதுவரைக்கும் எறங்குவாரு?" என்று கேட்டார்கள். கணுக்கால் என்றால் பேச்சு தொடர்ந்தது. முழங்கால் என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

எல்லோரையும்விட சூசை ஆழமாகப் போனதற்குக் காரணம், வரதராஜுலு எல்லோரையும்விட ஆசையாக மட்டை வாங்குகிறவர் என்பதுதான். தவிட்டுமலையில் ஒரு வழக்கம் உண்டு: அங்கத்தினர் புது மட்டை எடுப்பதற்குமுன் அதைத் தன் கேடியிடம் கொடுப்பார், கேடி அதை ஒருமுறை கையில் நிறுத்திப் பார்த்து, "லேசா இருக்குங்க" என்று சொல்ல வேண்டும். அவன் வாயால் அது வராமல் வாங்கிய மட்டை கைக்கு அமையாது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள், கோயம்புத்தூரில் படித்த வரதராஜுலுவும் நம்பினார். அவருடைய ஒவ்வொரு புது மட்டைக்கும் சூசைதான் அந்த வார்த்தையைச் சொன்னான். பொய்யும் சொல்லவில்லை, லேசாகத்தான் இருந்தன.

மார்புவரை இறங்கிய பிறகு சூசை அங்கேயே இருந்தான். கமிட்டி கூடி, அவன் நகர்த்தக்கூடிய இடையூறா, நகர்த்த முடியாத இடையூறா என்று விவாதித்தது; அங்கத்தினராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கயிறு கட்டி இழுத்தும் வராததால் நகர்த்த முடியாததுதான் என்று தீர்ப்புச் சொன்னார். சூசையின்மேல் பட்டு நின்ற பந்தை அபராதமில்லாமல் இரண்டு மட்டை நீளம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்கள். புல்வெட்டும் மிஷின்காரர் அவனைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுப் போகப் பழகினார். ஆட்டம் முடிந்து மைதானம் காலியான பிறகுதான் வெளியாட்கள் வரலாம் என்பதால், சூசையின் மனைவி தைனேஸ் தினமும் சாயங்காலம் தூக்குச்சட்டியோடு வந்து, முழங்காலிட்டு உட்கார்ந்து, கஞ்சியை ஊட்டி, முகம் துடைத்து, தலை சீவி, வெயிலுக்கும் மழைக்கும் ஒரு குடையைப் பக்கத்தில் ஊன்றிவிட்டுப் போனாள். கடந்து போகிற அங்கத்தினர்கள் நின்று விசாரித்தார்கள். வரதராஜுலு ஒருநாளும் விசாரிக்காமல் போனதில்லை.

"என்ன சூசை, நல்லாருக்கியா?"

"உங்க புண்ணியத்துல நல்லாருக்கேனுங்க."

குரலைவிடக் காலணியை வைத்துத்தான் சூசை இப்போது ஆட்களை அடையாளம் கண்டான். முன்பு அடியில் இரும்பு முள் வைத்த காலணி போட்டுக்கொண்டு நடந்தவர்கள், இப்போது மெத்தென்ற ரப்பர் முள்ளுக்கு மாறியிருந்தார்கள். பக்கத்தில் வரும்வரை சத்தமே கேட்பதில்லை என்று தம்பியிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

பிரகாசத்துக்கு அந்தப் பை கனக்கவே இல்லை. பழகிய தோளைத்தான் கனம் தேடிப் போனது. காலைப் பனியில் அவன் நடந்த தடம்கூடத் தெரியவில்லை, அதைப் பார்த்த தைனேஸ் ஒருமுறை, "ஒன் காலடியில பனிகூட கலையல பாரு" என்றாள், பாராட்டுகிற மாதிரியும் இல்லை, திட்டுகிற மாதிரியும் இல்லை. அதனால் வரதராஜுலு புதிதாக எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் பிரகாசம் கையில் நிறுத்திப் பார்த்து, "பழசே தேவலைங்க" என்று சொல்லி வந்தான், அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் சிங்கப்பூருக்குக் கல்யாணத்துக்குப் போனவர் அங்கேயே, பந்தைக் குழிக்குள் உருட்டுகிற புட்டர் மட்டை ஒன்றை வாங்கிவந்துவிட்டார், அன்றைக்கு சூசை கழுத்துவரை போனான். பேரன் பிறந்தநாள் பரிசென்று கொண்டுவந்த புதுப் பையோடு மோவாய்வரை போனான். இனி ஒரு தடவைதான் பாக்கி என்பதைக் குடியிருப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோப்பைப் போட்டி நெருங்கிய வாரத்தில் வரதராஜுலுவின் கார் ஓட்டுகிற பொன்னுரங்கம் அழாத குறையாகப் பிரகாசத்தைத் தேடி வந்தான்.

"ஏம்ப்பா, ஐயா போன்ல பேசிட்டு வந்தாரு. 'நம்ம டிரைவரு பழசாயிருச்சு, தூரம் போகமாட்டேங்குது, மாத்திப்போடலாம்'ங்கறாரு. போன மாசங்கூட மதுரைக்குப் போயிட்டு வந்தனே, நானா தூரம் போகமாட்டேங்கறேன்?"

"அது உன்னை இல்லண்ணே. மொத அடி அடிக்கிற ஸ்டிக்குக்குப் பேரு டிரைவரு."

பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்தது. "அட சாமி, அதானா! ஸ்டிக்கத்தானா மாத்தறாரு!" என்று பிரகாசத்தின் முதுகில் தட்டி, பீடி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பிரகாசம் அதை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, பற்றவைக்க மறந்துபோய் வீடுவரை வந்தான்.

விஷயம் அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. தைனேஸ் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"புதுசு பாக்கப்போறாராமே."

"ஆமா அண்ணி."

"பழசே நல்லாருக்குன்னு சொல்லிரு. எப்பவும் சொல்றதுதானே."

"சொல்றேன்."

"தலை தெரியற வரைக்கும் எனக்குப் புருஷன் இருக்கான்டா. சீவறதுக்கு ஒரு தலை இருக்கு. அதுக்கப்புறம் நான் எங்க போயி உக்காருவேன், அந்த ஏழாங்குழியில வெறும் புல்லைப் பாத்துட்டு?"

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல அண்ணி."

மறுநாள் காலை, ஆட்டம் தொடங்குவதற்குமுன் பனித்துளியைத் தட்டிவிடுகிற வேலையாக மைதானத்துக்குப் போனவன் அண்ணன் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான். பேச வேண்டுமென்றால் இப்போது அப்படித்தான் பேச வேண்டியிருந்தது. சூசையின் கன்னத்தில் பந்து பட்ட பழைய வீக்கம் மஞ்சளித்திருந்தது. புருவத்தில் கட்டெறும்பு ஒன்று ஊர்ந்தது. பிரகாசம் அதை ஊதிவிட்டான்.

"டிரைவரு பாக்கப்போறாராம்."

"தெரியும். இங்க பேசிட்டுத்தான் போனாரு. பெங்களூர்லருந்து ஒரு ஆளு கொண்டாந்திருக்கானாம்." சூசை கண்ணை வானத்துப் பக்கம் உயர்த்தினான். "நேத்து அந்த ஆளு இங்க நின்னு ஒண்ணு அடிச்சுக் காமிச்சான்டா. சத்தம் கேட்டியா நீ?"

"இல்ல."

"பழைய மரத்தலையில பட்டா 'டொக்'குன்னு ஒரு சத்தம் வரும்ல, தேங்கா ஒடைக்கிற மாதிரி. இது அப்பிடி இல்ல. மணி அடிச்ச மாதிரி. பந்து என் தலைக்கு மேல போச்சு, போயிட்டே இருந்துச்சு. எறங்கற சத்தமே வரல." பிறகு அதே குரலில் சொன்னான்: "லேசா இருக்குன்னு சொல்லிரு."

"என்னண்ணே பேசற?"

"மண்ணுக்குள்ள போனதெல்லாம் கதகதன்னு இருக்குடா. மேல நிக்கிற தலைதான் குளுருது. மூஞ்சியில மழை அடிச்சா தொடைக்கக் கையி இல்ல. நல்லாருக்கியா, நல்லாருக்கியான்னு வர்றவன் போறவன் எல்லாம் கேக்கறான், நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு எத்தன நாளைக்குச் சொல்லிட்டுக் கெடப்பேன்."

"அண்ணி பழசச் சொல்லச் சொல்லுது."

"அவ சொல்லத்தான் செய்வா. தெனம் முட்டி போட்டு முட்டி போட்டு அவ காலு வீங்கிக் கெடக்கறது இங்கருந்து பாக்கறவனுக்குத்தான் தெரியும். நானா வாயத் தொறந்து சொல்லிச் சொல்லித்தாண்டா இதுக்குள்ள வந்தேன். கடைசி ஒண்ண மட்டும் நீ சொல்லு."

பிரகாசம், முதல் செட்டு ஆட்கள் வருகிற பேச்சுச் சத்தம் கேட்டதும் எழுந்து, குடையை நேராக ஊன்றிவிட்டுப் போனான்.

கிளப்பை ஒட்டிய கடையில் பெங்களூர்க்காரர் மட்டைகளைத் துணி விரித்து வரிசையாகப் படுக்கவைத்திருந்தார். வரதராஜுலு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வலைக்குள் அடித்துப் பார்த்தார், ஒரு சிறிய பெட்டி ஒவ்வொரு அடிக்கும் வேகத்தையும் தூரத்தையும் காட்டியது. தண்டு வளைவது அதிகம் வேண்டுமா, குறைவாக வேண்டுமா, உங்கள் வயசுக்குக் கொஞ்சம் வளைவதுதான் நல்லது என்று பெங்களூர்க்காரர் சொல்லிக்கொண்டே போனார். பந்திலும் இரண்டு தினுசு வைத்திருந்தார், தொட்டால் மிருதுவாக இருந்து குழிப்பக்கம் அடங்கி நிற்பது ஒன்று, கெட்டியாக இருந்து ஓடிக்கொண்டே போவது ஒன்று. வரதராஜுலு இரண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, தக்காளி வாங்குகிறவர் மாதிரிச் சிரித்தார். அறுபது வயதுக்குமேல் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மட்டை பார்க்கும்போது மட்டும்தான் பார்க்க முடியும்.

"பொட்டி என்ன வேணா சொல்லட்டுமுங்க, என்ர கேடி சொல்லோணும்" என்று பெங்களூர்க்காரரிடம் சொல்லிவிட்டு, கடைசியாக அடித்த கறுப்பு மட்டையைப் பிரகாசத்திடம் நீட்டினார். இன்னொரு கையில் பழைய மட்டை இருந்தது. "இந்தா, பாரு. நீ வேண்டாம்னா வேண்டாம். பழசே போதும்னா நான் பழசுலயே ஆடிக்கறேன். நெசத்தச் சொல்லோணும், ஆமா."

அவர் அப்படித்தான் செய்வார் என்பது பிரகாசத்துக்குத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. பழசே தேவலைங்க என்ற வார்த்தை எப்போதும்போல நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் இன்று சாயங்காலம் அண்ணி தலை சீவிவிடுவாள், நாளையும் சீவிவிடுவாள், அடுத்த மழை வரும், அதற்கடுத்த மழையும் வரும், கட்டெறும்பு புருவத்தில் ஏறும், அண்ணன் நல்லாருக்கேன் என்பான். கறுப்பு மட்டையை வாங்கிக் கையில் நிறுத்தினான். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

"லேசா இருக்குங்க" என்றான்.

"அப்பிடிச் சொல்லு!" வரதராஜுலு அவன் தோளைத் தட்டினார். "எத்தன நாளாச்சு என்ர கேடி வாயிலருந்து இதக் கேட்டு."

போட்டியன்றைக்குத்தான் முதலில் எடுத்து ஆடுவேன் என்று அதை உறைபோட்டு வைத்தார். ஆடாத மட்டையின் கனம் இறங்குவதில்லை. சாயங்காலம் தூக்குச்சட்டியோடு வழியில் நின்ற தைனேஸ், "என்ன சொன்னே?" என்றாள்.

"பழசுதான் அண்ணி."

அவள் சட்டியைத் திறந்து, அண்ணனுக்கென்று வைத்திருந்த கருவாட்டில் ஒரு துண்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

போட்டியன்று காலை மூட்டம் சீக்கிரமே விலகிவிட்டது. ஏழாவது குழிக்கு முதல் அடி அடிக்கிற மேட்டில் வரதராஜுலு கறுப்பு மட்டையின் உறையை எடுத்தார், கெட்டிப் பந்தைத் தரையில் குத்திய சின்ன மர ஆணிமேல் வைத்தார், தோளை இரண்டுமுறை உலுக்கிக்கொண்டார். தூரத்தில் புல்வெளியின் நடுவில் குடை தெரிந்தது, குடைக்குக் கீழே கறுப்பாக ஒன்று தெரிந்தது. பிரகாசம் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தான். ஆனால் மட்டை பட்டதும் அண்ணன் சொன்ன அதே மணிச்சத்தம் வந்தது, பந்து எங்கே விழுகிறதென்று பார்ப்பது கேடியின் வேலை, இத்தனை நாளாகப் பழகிய கண் தானாகப் பந்தோடு மேலே போய்விட்டது, அது குடைக்கு மேலாகப் போய், சவுக்கு மரங்களின் உயரத்தில் போய், இறங்க மனமில்லாததுபோலப் போய்க்கொண்டே இருந்தது. கூட ஆடியவர்கள் கைதட்டினார்கள். கண்ணை இறக்கியபோது குடை மட்டும் நின்றது.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நடந்தான். வரதராஜுலு முன்னால் வேகமாக நடந்தார், பந்து குடைக்கு அப்பால் கொஞ்ச தூரத்திலேயே கிடப்பதாகத் தெரிந்தது, சரிவில் பட்டுத் திரும்பி உருண்டு வந்திருக்க வேண்டும். குடைப் பக்கத்தில் வந்ததும் அவர் தூரத்தில் குழியில் நட்டிருந்த கொடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்ன சூசை, நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டு, நிற்காமல் பந்தை நோக்கிப் போனார்.

குடைக்குக் கீழே உச்சந்தலை அளவுக்கு ஈரமண் வட்டமாகத் தெரிந்தது. மண்ணில் நான்கைந்து மயிர், புல்லோடு புல்லாக. தைனேஸ் நேற்று வைத்த எண்ணெயின் வாசனை இருந்தது.

வரதராஜுலு இரும்பு மட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, நின்று, அளந்து, அடித்தார். பந்து எழும்போது அதற்கடியிலிருந்து ஒரு புல் பத்தை பெயர்ந்து பறந்து வந்து விழுந்தது. பந்து குழியைச் சுற்றியிருந்த பச்சைத் திடல்மேல் ஏறிக் கொடிப் பக்கத்தில் நின்றது, எல்லோரும் "ஆகா" என்றார்கள், எல்லோருடைய முகமும் அந்தப் பக்கமே இருந்தது. பெயர்ந்த பத்தையை எடுத்து, பெயர்ந்த இடத்திலேயே வைத்து, குதிகாலால் மிதித்து அழுத்திவிட்டுப் போவது கேடியின் வேலை. பிரகாசம் குனிந்து பத்தையை எடுத்தான். வேர்ப்பக்கத்து மண் உதிராமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்து, குடைக்குக் கீழே இருந்த ஈரமண்மேல் அதை வைத்தான். ஓரங்களை விரலால் சேர்த்தான். எழுந்து குதிகாலால் அழுத்தினான். குதிகால் வேண்டியதைவிடக் கொஞ்சம் உள்ளே போனது. அதை இழுத்து எடுத்துக்கொண்டு, பையைச் சரிசெய்து, அவர்கள் பின்னால் நடந்தான்.